ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்: படத்தைப் பாருங்கள், பட்டையை நம்பாதீர்கள்

நோயுற்ற திசுவில் ஒரு புரதம் எந்த உயிரணுவில், அதிலும் எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், காசு கொடுக்காமல், கணக்குத் திறக்காமல் நுழையக்கூடிய தளங்களில் ஹியூமன் புரோட்டீன் அட்லஸை மிஞ்ச ஆள் இல்லை. அதே புரதம் நோயில் எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்பது கேள்வியானால், இது போக வேண்டிய இடமே இல்லை. ஆனால் ஆய்வேடுகளிலும் மாநாட்டுப் போஸ்டர்களிலும் இந்தத் தளத்தின் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்குச் சாட்சியாகத்தான் ஒட்டப்படுகின்றன. பிஎச்டி மாணவர்கள், பேத்தாலஜி முதுநிலை மாணவர்கள், பயோடெக் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்த மதிப்பீடு.

சுவீடனில் 2003இல் தொடங்கிய திட்டம் இது. ஸ்டாக்ஹோமின் கேடிஎச் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மத்தியாஸ் உலேன் தலைமை ஏற்றார். திசு வேலை உப்சாலா பல்கலைக்கழகத்தில் நடந்தது. பணம் பெரும்பாலும் வாலன்பெரி அறக்கட்டளையிலிருந்து வந்தது. இயல்பான திசுக்களின் வரைபடம் 2015இலும், புற்றுநோய்த் திசுக்களின் வரைபடம் 2017இலும் சயின்ஸ் இதழில் வெளியாயின. சாயமேற்றிய படங்களைப் பார்த்து மதிப்பெண் போட்ட வேலையில் கணிசமான பங்கு மும்பையில் இருந்த பேத்தாலஜிஸ்டுகளுடையது என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது.

முதலில், திரையில் தெரிவது என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபின் மெழுகில் பதித்த பழைய திசு பிளாக்குகளிலிருந்து 1 மில்லிமீட்டர் விட்டத்தில் சிறு உருளைகளைத் துளைத்தெடுத்து, அவற்றை வரிசையாக ஒரே பிளாக்கில் நட்டிருக்கிறார்கள். இதுதான் டிஷ்யூ மைக்ரோஅரே. அதை 4 மைக்ரான் தடிமனில் வெட்டி, தேடும் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி போட்டு, அது ஒட்டிய இடத்தில் டிஏபி என்ற நிறப்பொருளால் பழுப்பு நிறம் வரவைத்து, ஹீமட்டாக்சிலினால் நீலப் பின்னணி கொடுத்து, ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். புற்றுநோய்ப் பக்கத்தில் 20 வகைகள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 12 நோயாளிகள், ஒருவருக்கு இரண்டு உருளைகள். மொத்தம் 216 நோயாளிகள். 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட மனிதப் புரதங்களுக்கு இப்படிப் படம் இருக்கிறது. இவ்வளவு பெரிய வேலையை எந்தக் கட்டணமும் இல்லாமல் திறந்து வைத்திருப்பதற்கு எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இப்போது கணக்குப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 0.79 சதுர மில்லிமீட்டர். இரண்டு உருளை சேர்ந்தால் சுமார் 1.6. சாதாரணமாக ஒரு கட்டியின் ஸ்லைடில் 15க்கு 20 மில்லிமீட்டர் திசு இருந்தால் அது 300 சதுர மில்லிமீட்டர். ஆக நீங்கள் பார்ப்பது அதில் இருநூறில் ஒரு பங்கு. இரைப்பைப் புற்றில் ஹெர்2 (சில புற்றுகளில் கூடும் ஒரு சவ்வுப் புரதம்) திட்டுத்திட்டாகத்தான் வரும். உருளை விழுந்த இடத்தில் அந்தத் திட்டு இல்லாவிட்டால் அந்த நோயாளி "நெகட்டிவ்" ஆகிவிடுவார். 12 பேர் என்பதும் சின்ன எண். மூன்று பேரிடம் புரதம் தெரிந்தால் 25 சதவீதம் என்று எழுதத் தோன்றும். ஆனால் அந்த எண்ணுக்கு 95 சதவீத நம்பக இடைவெளி ஏறக்குறைய 5 முதல் 57 வரை நீளும். "நான்கில் ஒரு பங்கு நோயாளிகளில் இந்தப் புரதம் இருக்கிறது" என்று இதை வைத்து எழுதக் கூடாது.

தளத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் புற்றுநோய்ப் பக்கத்தின் முகப்பில் வரும் பட்டை வரைபடம். அதில் ஹை, மீடியம் என்று மதிப்பெண் பெற்ற நோயாளிகளின் சதவீதம் மட்டுமே வண்ணத்தில் வரும். லோ என்றாலும், நாட் டிடெக்டட் என்றாலும் பட்டை வெள்ளைதான். 12 நோயாளிகளிலும் மங்கலாக, ஆனால் ஒரே சீராகத் தெரியும் புரதம் வெற்றுப் பட்டையாகத்தான் காட்சி தரும். அதைப் பார்த்து "இந்தப் புற்றில் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேத்தாலஜிஸ்ட் இரண்டு விஷயங்களைக் குறிக்கிறார்: சாயத்தின் அடர்த்தி (இல்லை, மங்கல், நடுத்தரம், அடர்த்தி) மற்றும் சாயமேறிய கட்டி உயிரணுக்களின் பங்கு (25 சதவீதத்துக்குக் கீழ், 25 முதல் 75, 75க்கு மேல்). இரண்டையும் கலந்து ஒரு சொல் வரும். மங்கல், 25க்குக் கீழ் என்றால் அது "நாட் டிடெக்டட்" ஆகிவிடும். அதாவது புரதம் தெரிந்தும் இல்லை என்றே பதிவாகும். அடர்த்தி, ஆனால் 25க்குக் கீழ் என்றால் "மீடியம்". நடுத்தரம், 75க்கு மேல் என்றாலும் "மீடியம்". கட்டியில் பத்தில் ஒரு உயிரணு கரும்பழுப்பாக எரிவதும், எல்லா உயிரணுவும் அரைப்பழுப்பாக இருப்பதும் உயிரியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிலைகள். ஒன்று சிறு குளோனாக (ஒரே உயிரணுவிலிருந்து பெருகிய கூட்டமாக) இருக்கலாம். மற்றது அந்தத் திசுவின் பொது இயல்பு. பட்டையில் இரண்டும் ஒரே நிறம். ஆகவே பட்டையைத் தாண்டி உள்ளே போய், ஒவ்வொரு நோயாளியின் படத்துக்குப் பக்கத்திலும் அடர்த்தி, பங்கு, இடம் என்று தனித்தனியாக எழுதியிருப்பதைப் படித்துப் பழகுங்கள். ஆய்வேட்டில் அட்டவணை போடுவதானால் அந்த மூன்றையும் தனித்தனிப் பத்தியாகவே போடுங்கள்.

ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் எந்த நீர்ப்பில் (டைல்யூஷனில்) நன்றாகத் தெரிகிறதோ அந்த நீர்ப்பில்தான் சாயமேற்றியிருக்கிறார்கள். அதனால் அ என்ற புரதம் ஹை, ஆ என்ற புரதம் லோ என்பதை வைத்து அ அதிகம் என்று சொல்ல வழியே இல்லை. டிஏபி நிறமும் புரத அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. படங்களை இறக்கி இமேஜ்ஜே மென்பொருளில் நிறத்தைப் பிரித்துப் பிக்சல் எண்ணி, பார் கிராஃப் போட்டு, ஸ்டார் குறியும் வைப்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஜேபெக் படத்தில் செய்யும் இந்த வேலையை நல்ல ரெஃப்ரீ (கட்டுரையை மதிப்பிடுபவர்) ஒரே வரியில் தள்ளுபடி செய்வார்.

இடம் பற்றிய குறிப்பில் ஒரு பெரிய குறை உண்டு. நியூக்ளியஸ் தனி, ஆனால் சைட்டோபிளாசமும் சவ்வும் சேர்ந்து "சைட்டோபிளாஸ்மிக்/மெம்பிரேனஸ்" என்று ஒரே பெட்டி. ஹெர்2வை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் 0 முதல் 3+ வரை மதிப்பெண் போடும்போது, கட்டி உயிரணுவின் சவ்வைச் சுற்றி முழு வளையமாகச் சாயம் ஏறியிருக்கிறதா, எத்தனை சதவீத உயிரணுக்களில் ஏறியிருக்கிறது என்பதுதான் விஷயம். சைட்டோபிளாசத்தின் பழுப்பைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்தத் தளத்தின் "மீடியம்" அந்த 2+க்குச் சமம் இல்லை. படத்தைப் பெரிதாக்கி, சவ்வு வளையத்தை நீங்களே தேட வேண்டும்.

இன்னொன்று: புற்றுநோய்ப் படங்களில் மதிப்பெண் கட்டி உயிரணுக்களுக்கு மட்டும்தான். சுற்றியிருக்கும் ஸ்ட்ரோமா (தாங்கும் இணைப்புத் திசு), ரத்தக்குழாய், நிணநீர் உயிரணுக்களுக்குக் கிடையாது. எஃப்ஏபி போன்ற ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு உயிரணு) புரதத்தையோ, நிணநீர் உயிரணுவில் இருக்கும் சிடி8ஐயோ தேடினால் "நாட் டிடெக்டட்" வரிசையாக வரும். படத்தைத் திறந்தால் கட்டித் தீவுகளுக்கு நடுவே பழுப்பு பளிச்சென்று இருக்கும். அதே பக்கத்தில் காட்டப்படும் டிசிஜிஏ (அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் திட்டம்) ஆர்என்ஏ அளவோ மொத்தக் கட்டியையும் அரைத்து எடுத்தது. அதில் ஸ்ட்ரோமாவும் சேர்த்தி. ஆர்என்ஏ அதிகம், புரதம் இல்லை என்ற முரண்பாட்டைப் பார்த்து "மொழிபெயர்ப்புக்குப் பிந்தைய ஒழுங்குமுறை" என்று விவாதப் பகுதியில் ஒரு பத்தி எழுதுவதற்கு முன், படத்தில் ஸ்ட்ரோமாவை ஒரு தடவை பாருங்கள். நிஜமான முரண்பாடும் உண்டு. டிபி53 மரபணு நல்ல உதாரணம்: அது உருவாக்கும் சாதாரண பி53 புரதத்தை எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் பிடித்து உடனுக்குடன் அழிக்க வைக்கிறது; மிஸ்சென்ஸ் மாற்றம் (ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறுவது) வந்த புரதம் அழிபடாமல் நியூக்ளியஸில் குவிகிறது, சாயம் அடர்த்தியாக ஏறும். மரபணுவே முறிந்து புரதம் உருவாகாத கட்டியில் சாயம் சுத்தமாக இருக்காது. இரண்டும் நோய்தான். ஆர்என்ஏ எண் இதைச் சொல்லாது. ஐஎச்சி (ஆன்டிபாடியால் சாயமேற்றிய) படம் சொல்லும்.

பழுப்பெல்லாம் புரதம் அல்ல. மெலனோமாவில் மெலனின், கல்லீரலில் லிப்போஃப்யூசின், ரத்தம் கசிந்த இடத்தில் ஹீமோசிடரின், இந்த இயற்கை நிறமிகள் எல்லாமே டிஏபி மாதிரி வேஷம் போடும். அழுகிய பகுதியும் உருளையின் விளிம்பும் ஆன்டிபாடியைச் சும்மா உறிஞ்சிக்கொள்ளும். ஆல்புமின் மாதிரி ரத்தத்தில் ஓடும் புரதமாக இருந்தால், குழாய்களுக்குள் உறைந்த பிளாஸ்மா எல்லா உறுப்பிலும் பழுப்பாகும்; உற்பத்தி நடப்பது கல்லீரலில் மட்டும். அங்கே ஆர்என்ஏ பக்கத்தைப் பார்த்துத்தான் பிறப்பிடத்தை முடிவு செய்ய வேண்டும்.

சரி, எந்தப் படத்தை நம்புவது? ஒவ்வொரு மரபணுவுக்கும் என்ஹான்ஸ்டு, சப்போர்ட்டட், அப்ரூவ்டு, அன்சர்ட்டன் என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். என்ஹான்ஸ்டு என்றால், பல திசுக்களில் சாயத்தின் ஏற்ற இறக்கம் ஆர்என்ஏயோடு ஒத்துப்போனது, அல்லது புரதத்தின் வேறு பகுதியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி அதே தோற்றத்தைக் கொடுத்தது என்று பொருள். அன்சர்ட்டன் வந்தால் அந்தப் படத்தை வைத்து வாதம் கட்டாதீர்கள். நடுவில் இருக்கும் இரண்டுக்கும், ஒரே புரதத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்து, படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று நியூக்ளியஸ், மற்றது சைட்டோபிளாசம் என்றால் குறைந்தது ஒன்று பொய். தனக்குப் பிடித்த படத்தை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. தளத்தில் எல்லாப் படமும் பொதுவில் இருப்பதால் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

நோயாளியைப் பற்றித் தருவது வயது, பாலினம், திசு நோயறிதல், ஒரு அடையாள எண். அவ்வளவுதான். நோயின் நிலை (ஸ்டேஜ்) கிடையாது, சிகிச்சை கிடையாது, மார்பகப் புற்றில் ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) இருக்கிறதா இல்லையா என்பதும் கிடையாது. இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: ஒரே மைக்ரோஅரேயிலிருந்து வந்த படங்களில் அந்த அடையாள எண் மாறாது. உங்கள் புரதத்தின் பக்கத்தில் உள்ள எண்களைக் குறித்துக்கொண்டு ஈஎஸ்ஆர்1 (ஈஆரின் மரபணு) பக்கத்திலும் ஈஆர்பிபி2 (ஹெர்2வின் மரபணு) பக்கத்திலும் அதே எண்களைத் தேடினால், அந்தக் கட்டி ஈஆர் உள்ளதா, ஹெர்2 உள்ளதா என்று தோராயமாகத் தெரிந்துவிடும். எல்லா எண்ணும் கிடைக்காது, கிடைக்கும்வரை லாபம்.

தளத்தில் வரும் உயிர்வாழ்வு வரைபடங்களில் எச்சரிக்கை. அவை படங்களில் உள்ள 216 பேருடையவை அல்ல; டிசிஜிஏ நோயாளிகளுடைய ஆர்என்ஏவிலிருந்து வந்தவை. புரதப் படத்தையும் அந்த வளைவையும் ஒரே ஃபிகரில் ஒட்டி "இந்தப் புரதம் அதிகமானால் ஆயுள் குறைகிறது" என்று எழுதினால் இரண்டு வேறு கூட்டங்களை ஒன்றாக்குகிறீர்கள். தவிர, அதிகம்/குறைவு என்று பிரிக்கும் கோடு, பி மதிப்பு (வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் எண்) மிகச் சிறியதாக வரும் இடத்தில் தேர்ந்து போடப்பட்டது. பல இடங்களில் வெட்டிப் பார்த்துச் சிறந்ததை எடுத்தால் பி மதிப்பு இயல்பாகவே நல்லதாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் 0.05க்குப் பதில் 0.001 என்ற கடுமையான எல்லையை வைத்தார்கள். கோட்டை மீடியனுக்கு (நடு மதிப்புக்கு) மாற்றும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது. மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் மறைந்துவிட்டால் அந்த வளைவை விட்டுவிடுங்கள்.

வாய்ப்புற்று ஆய்வு செய்யும் நம்மூர் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்திய ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் புற்று அது. புகையிலை, பாக்கு மென்று கன்னத்தின் உட்புறத்தில் வருவது அதிகம். தளத்தின் "தலை மற்றும் கழுத்து" பிரிவில் ஸ்குவாமஸ் கார்சினோமாவோடு (தட்டை உயிரணுப் புற்று) அடினோகார்சினோமாவும் (சுரப்பிப் புற்று) கலந்திருக்கிறது; திசு சுவீடன் நோயாளிகளுடையது. நோயறிதல் வரியைப் படித்து ஸ்குவாமஸை மட்டும் பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது 12ஐ விடக் குறைவு. புரதம் எந்த அடுக்கில் வருகிறது என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் உங்கள் மருத்துவமனை பிளாக்குகளில்தான் பார்த்தாக வேண்டும்.

அங்கேதான் இந்தத் தளத்தின் உண்மையான பயன். ஆன்டிபாடி வாங்குவதற்கு முன் எது கட்டுப்பாட்டுத் திசு (கன்ட்ரோல்) என்று இங்கே தீர்மானிக்கலாம்: இயல்பான திசுக்களின் பக்கத்தில் ஹை வரும் ஒன்றையும் அறவே வராத ஒன்றையும் எடுத்து இரண்டையும் ஒவ்வொரு ஓட்டத்திலும் வையுங்கள். தளத்தின் சொந்த ஆன்டிபாடிகள் எச்பிஏ என்று தொடங்கும் எண்ணோடு வரும். அட்லஸ் ஆன்டிபாடீஸ் விற்கிறது. புரதத்தின் 50 முதல் 150 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டை முயலுக்குச் செலுத்தி எடுத்த பாலிக்ளோனல்கள் (பல ஆன்டிபாடிகளின் கலவை) இவை. ஆகவே லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) செறிவு மாறும். போன ஆண்டு 1:300இல் வேலை செய்தது என்று புதுக் குப்பியையும் அப்படியே போடக் கூடாது. 1:50, 1:100, 1:200, 1:400 என்று கட்டுப்பாட்டுத் திசுவில் நான்கு ஸ்லைடு ஓட்டி முடிவு செய்யுங்கள். லாட் எண்ணை ஆய்வேட்டில் எழுதுங்கள். குப்பியில் கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு இருக்கும். நீர்த்த ஆன்டிபாடியைக் கழுவாமல் எச்ஆர்பி பாலிமரை (டிஏபியை நிறமாக்கும் நொதி சேர்ந்தது) போட்டால் அசைடு அந்த நொதியை முடக்கி நிறம் மங்கும்.

மற்றபடி முறை பழகியதுதான். 4 மைக்ரான் வெட்டு, சார்ஜ்டு ஸ்லைடு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். ஃபார்மலின் மறைத்த புரதப் பகுதியை வெளிக்கொண்டுவர பிஎச் 6 சிட்ரேட்டில் பிரஷர் குக்கர். தளத்தின் முறையும் பிஎச் 6தான், உங்களுக்கு வரவில்லை என்றால் பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏவில் ஒரு தடவை பாருங்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். டிஏபியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே நிறுத்தி, எல்லா ஸ்லைடுக்கும் அதே நேரத்தைக் கொடுங்கள். தோல்வி பெரும்பாலும் ஆன்டிபாடியில் இருக்காது, பிளாக்கில் இருக்கும். அறுவைக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில் விழுந்து, 6 முதல் 72 மணி நேரம் ஊறிய திசுதான் ஈஆர், ஹெர்2 சோதனைக்கு ஏற்கப்படுவது. அதே அளவுகோலை உங்கள் புரதத்துக்கும் வையுங்கள். பஃபர் இல்லாத ஃபார்மலின் அமிலமாகி, ரத்தம் உள்ள இடங்களில் கரும்பழுப்புத் துகள்களைப் படியவிடும். முதன்மை ஆன்டிபாடி போடாத ஸ்லைடிலும் அது தெரிந்தால் குற்றவாளி அதுதான். மாதக்கணக்கில் வெட்டிவைத்த ஸ்லைடுகளில் சில புரதங்களின் சாயம் குறைந்துவிடும். நோயாளி ஸ்லைடையும் கட்டுப்பாட்டு ஸ்லைடையும் ஒரே நாளில் வெட்டுங்கள்.

தரவு இறக்கும் வசதிக்கு முழு மதிப்பெண். மொத்தத் தரவும் டேப் பிரித்த கோப்புகளாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் எக்ஸ்எம்எல் உண்டு, அதில் படங்களின் முகவரியும் இருக்கும். ஆர் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு அதன் பயோகண்டக்டர் தொகுப்பில் எச்பிஏஅனலைஸ் என்ற பேக்கேஜ் இருக்கிறது. எந்தப் பதிப்பு என்று எண்ணைக் குறித்துவைப்பது கட்டாயம்: புதுப் பதிப்பு வரும்போது ஆன்டிபாடிகள் சேர்கின்றன, நீக்கப்படுகின்றன, நம்பகப் படி மாறுகிறது. பழைய பதிப்புகளையும் தனி முகவரியில் வைத்திருப்பதால் உங்கள் ஃபிகரை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஹிஸ்டாலஜி புதிதாகக் கற்பவர்களுக்கு உள்ளே ஒரு அகராதிப் பகுதி இருக்கிறது. இயல்பான திசு, புற்றுத் திசு இரண்டிலும் எது எந்த உயிரணு என்று கோடு போட்டுக் காட்டுகிறது. அது ஒன்றுக்காகவே கல்லூரி ஆய்வகக் கணினியில் இதைத் திறந்து வைக்கலாம். கைபேசியில் பார்க்க வேண்டாம். படத்தைப் பெரிதாக்காமல் இந்தத் தளத்தால் எந்தப் பயனும் இல்லை.

திசுப் படங்களில் "நோய்" என்றால் புற்றுநோய் மட்டும்தான் என்பது பெரிய ஏமாற்றம். நீரிழிவுச் சிறுநீரகம், சிரோசிஸ் கல்லீரல், அல்சைமர் மூளை, காசநோய் நுரையீரல் எதற்கும் இங்கே ஸ்லைடு வரிசை கிடையாது. ரத்தப் புரதங்களுக்குத் தனிப் பகுதியில் மற்ற நோய்களும் வருகின்றன. அது பிளாஸ்மா அளவு, திசு அல்ல. புற்றிலேயே அளவு தேவைப்படுபவர்கள் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் சிப்டாக் தரவுக்குப் போங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (புரதத் துண்டுகளின் நிறையை வைத்து அளக்கும் முறை) அளந்தது; பல வகைகளில் கட்டியையும் பக்கத்து இயல்புத் திசுவையும் ஒப்பிடலாம்; யூஆல்கேன் தளத்தில் மரபணுப் பெயரைத் தட்டினாலே வரைபடம் வரும். அங்கே எந்த உயிரணுவில் என்று தெரியாது. எண்ணை அங்கேயும் இடத்தை இங்கேயும் எடுத்துக்கொண்டு, சொந்த பிளாக்கில் முப்பது நாற்பது நோயாளிகளை முழு ஸ்லைடாக ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தளம் ஐந்துக்கு ஐந்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபிகர் 1ஆகப் போட்டு முடித்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம்.